ஒன்றைத் தருகிறேன் என்றவள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு நாற்பது தாண்டியதும் ரத்த அழுத்தம் வந்தது. கொஞ்ச நாள் மாத்திரை போட்டார், பிறகு நிறுத்திவிட்டார்.

“தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு மருந்து?”

“வலிச்சாத்தான் வியாதியா? சொன்னா கேளுங்க,” என்பாள் மனைவி. விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள்.

“நீ கத்துறதுலதான் எனக்குப் பிரஷரே ஏறுது,” என்று சிரிப்பார்.

சில வருடங்களில் காலையில் முகம் வீங்கியது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. எதிரே வரும் வண்டியின் விளக்கு கலங்கித் தெரிந்தது. கண் மருத்துவர்தான் முதலில் சந்தேகப்பட்டார். பரிசோதித்ததில் இதயச் சுவர் தடித்திருந்தது. சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிப் போயிருந்தன.

“இத்தனை வருஷமா உள்ள ரத்தக்குழாயெல்லாம் கெட்டுக்கிட்டே வந்திருக்கு. வெளியில தெரியல, அவ்வளவுதான்,” என்றார் மருத்துவர்.

டயாலிசிஸ் தொடங்கியது. மனைவி ஒரே பேச்சாகச் சொன்னாள்: “என்னோடதுல ஒண்ணை எடுத்துக்கோங்க.”

அவர் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றார். அவள் விடவில்லை. ரத்த வகை பொருந்தியது. “கட்டின நாள்லேர்ந்து எல்லாத்துலயும் சண்டை, இதுல மட்டும் பொருத்தம்!” என்று சலவைக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த பரிசோதனையில் அவள் கையில் கட்டிய ரத்த அழுத்தப் பட்டையை மருத்துவர் மறுபடி மறுபடி இறுக்கிப் பார்த்தார்.

“உங்களுக்கும் அழுத்தம் ரொம்ப அதிகம்மா. சிறுநீர்ல புரதம் வேற போகுது. உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாது.”

“எனக்கா? நான் ஒருநாள்கூடப் படுத்ததில்லையே!”

வெளியே நீளப் பெஞ்சில் உட்கார்ந்ததும் கணவர் கேட்டார்: “நீ ஒரு தடவகூடப் பார்த்துக்கலையா?”

“உங்களைத் துரத்தவே நேரம் சரியாப் போச்சு.”

தன் வியாதிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்.

அன்று முதல் இருவருக்குமான மாத்திரையை அவரே எடுத்து வைத்தார். “முழுங்கிட்டியா? வாயைத் திற,” என்று குழந்தையிடம் போலக் கேட்பார். வேறு யாருடைய சிறுநீரகமாவது கிடைக்குமென்று காத்திருந்தார்கள். ஒருநாள் டயாலிசிஸ் கட்டிலிலேயே அவர் இதயம் நின்றுபோனது.

மறுநாள் மனைவியின் தங்கை மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா, எனக்கு நீயாவது வேணும்க்கா.”

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு தங்கையின் கையிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு, அதன்பின்தான் வாய்விட்டு அழுதாள்.