எதிர்க்கடை மால்

கட்டிலில் கிடத்தியிருந்த மொய்னுதீனின் இடது கை விர்ரென்று அதிர்ந்தது.

கடைசியாகக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்த அமான் மாமா குவளையை நழுவவிட்டார். அதிர்ந்தது கை அல்ல, கையில் கட்டியிருந்த கடிகாரம். திரையில் ஒரு குட்டி மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாக அசையாமல் இருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்று அர்த்தம்.

"அதக் கழட்டுடா சாகில்," என்றார் மாமா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சாகில் அத்தாவின் மணிக்கட்டிலிருந்து வாரை உருவினான். அடியில் பச்சை விளக்கு மினுங்கியது. நாடித்துடிப்பு எழுபத்திரண்டு என்றது திரை. யாரும் பார்க்குமுன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கூடத்தில் அம்மா வஜீதா, வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காலைல நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாங்கன்னேன். கடிகாரத்தக் காட்டி, எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீ தோசைய ஊத்துன்னாரு. திருப்பிப் போடறதுக்குள்ள சாஞ்சிட்டாரு."

செங்கம் ரோட்டில் அவர்களுடையது செல்போன் கடை. கிரிவலம் வருகிறவர்களுக்கு எத்தனை அடி நடந்தோம் என்று பார்க்கும் ஆசை வந்ததிலிருந்து இந்தக் கடிகாரங்கள்தான் வியாபாரம். எதிர்க்கடை சரவணகுமார் நூறு குறைத்தால் இவர்கள் இன்னும் ஐம்பது சேர்த்துக் குறைப்பார்கள். ஆன்லைன்காரன் இரண்டு பேரையும் அடித்தான்.

"இன்னா சரவணா, இன்னிக்கு எவ்ளோ கம்மி பண்ண?" என்று அத்தா ரோட்டைத் தாண்டிக் குரல் கொடுப்பார்.

"உங்களுக்கு சும்மாவே தரேன் பாய், கடைய மூடிட்டுப் போங்க," என்பான் அவன். டீ மட்டும் ஒன்றாகக் குடிப்பார்கள்.

போன மாதம் சாகில் சென்னையிலிருந்து ஒரு சரக்கு இறக்கினான். எதிர்க்கடை விலையில் பாதிதான். "கம்பெனி மால்தான் அத்தா, பேருதான் இல்ல," என்றான். சுருட்டிய துண்டில் கட்டினாலும் அது எழுபத்திரண்டு காட்டியதைச் சொல்லவில்லை. அத்தா பெட்டியைப் பிரித்து முதல் கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டார். வருகிறவர்களிடம் கையை நீட்டி, "நானே கட்டியிருக்கேன், பாருங்க," என்றார்.

நம்பித்தான் கட்டினாரா? இன்று காலையும் நம்பித்தான் அதைப் பார்த்தாரா?

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மண் போட வேண்டிய நேரத்தில் சாகிலின் விரல்கள் விரிய மறுத்தன. அமான் மாமாதான் பிடித்து விரித்துவிட்டார்.

எல்லோரும் கலைந்தபின், கபரஸ்தான் வாசலில் சரவணகுமார் நின்றிருந்தான். காலையிலிருந்தே அவன் கடை ஷட்டர் இறங்கியிருந்தது.

சாகில் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அந்தக் கடிகாரம் டூப்ளிகேட்ணே. வெறும் நம்பர் மட்டும் காட்டும். அத்தாகிட்ட நான் சொல்லல."

சரவணகுமார் அவன் தோளில் கை வைத்தான்.

"அவருக்குத் தெரியும் தம்பி. நெஞ்சு படபடன்னுதுன்னு போன வாரம் எங்கிட்ட நல்லதா ஒன்னு வாங்கினு போனாரு. மறுநாளே திருப்பிக் குடுத்துட்டாரு, எதிர்க்கடை மால நான் கட்னா எம்புள்ள மால எவன் வாங்குவான்னு."