ஒன்பது காப்பியும் ஒரு பல் செட்டும்

பல் கட்டும் லேபில் அவளுக்குப் பல்லழகி என்று பெயர். அவளுடைய சொந்தப் பற்களைப் பார்த்து வைத்த பெயரல்ல, அவற்றில் காப்பிக் கறை ஏறி வெகுகாலமாகிறது. அவள் செய்துகொடுக்கும் பற்களுக்காக வைத்தது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறு மாதிரி மெழுகு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்குக்கூடப் பொய்ப்பல் என்று சந்தேகம் வராதபடி முடித்துக்கொடுப்பாள். பன்னிரண்டு வருட வேலை. ஊரில் எத்தனையோ பேர் அவள் கை பட்டதால்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

அந்தக் கை ஒரு திங்கட்கிழமை நடுங்கியது.

பதினோரு மணி, அன்றைக்கு ஐந்தாவது காப்பி உள்ளே போன சூடு. ஒரு கோரைப்பல்லை மெழுகில் நிறுத்தப் போனாள். பல் நின்றது, விரல் நிற்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகச் சமாளித்தாள். மதியமே இன்னொரு இடி. போன வாரம் அனுப்பிய செட் ஒன்று டாக்டரிடமிருந்து திரும்பி வந்தது, கூடவே ஒரு சீட்டு: “இடது கோரைப்பல் வெளியே எட்டிப் பார்க்கிறது.” பன்னிரண்டு வருடத்தில் அவளிடம் திரும்பி வந்த முதல் செட் அதுதான்.

லேபை நடத்துகிற மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. ஒரு புது டப்பாவைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

“இவர் டிரம்பெட் வாசிக்கிறவர். மேல் செட் முழுசா வேணும். அஞ்சு வாரத்துல கச்சேரி இருக்காம். ஊதும்போது உதட்டை அழுத்துற எடம் பாரு, மயிரிழை தப்பினாலும் காத்து கசிஞ்சிடும். உன்னால முடியுமா?”

“முடியும் மேடம்” என்றாள். சொல்லும்போதே இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கணவர் பஸ் டிரைவர், முதல் பஸ் அவருடையது. நாலு மணிக்கு அவரோடு எழுந்து ஒரு காப்பி. அவர் கிளம்பிய பிறகு தனியாக ஒன்று. மகளைப் பள்ளிக்குத் துரத்திவிட்டு ஒன்று. லேபுக்குள் காலை வைத்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. வீடு திரும்பியதும் ஒன்று. பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு, போனும் கையுமாக உட்காரும்போது ஒன்று. மொத்தம் ஒன்பது. எண்ணுவதற்கு ஒரு கை போதவில்லை என்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“நாளையிலேர்ந்து ஒண்ணுகூடக் கெடையாது” என்று அறிவித்தாள்.

“நானும் விட்டுடறேன், உனக்குத் துணையா” என்றார் கணவர், பெரிய மனதோடு.

செவ்வாய்க்கிழமை அவள் தலைக்குள் யாரோ வீடு மாற்றினார்கள். அலமாரியை இழுக்கிற சத்தம், கட்டிலைத் தள்ளுகிற சத்தம், எல்லாம் கேட்டது. கை மட்டும் நடுங்கவில்லை. ஆனால் கைக்கு என்ன வேலை என்று தலைக்குத் தெரிந்தால்தானே? புதன்கிழமை மதியம் கண்ணைக் கொஞ்சம் மூடித் திறக்கலாமென்று மேசையில் தலையைச் சாய்த்தாள். எழுப்பியது சுருட்டை. அடுத்த மேசையில் வேலை செய்கிற சுருட்டை முடிக்காரப் பெண்.

“அக்கா, எழுந்திரிங்கக்கா. மேடம் வர்றாங்க.”

நிமிர்ந்தவளைப் பார்த்துச் சுருட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. பிளாஸ்டர் தாடை ஒன்றின் மேல் கன்னத்தை வைத்து ஒருமணி நேரம் தூங்கியிருக்கிறாள். வலது கன்னத்தில் வரிசையாக ஆறு பல், பிசகில்லாமல் பதிந்திருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே கணவர் கண்ணில் அது பட்டுவிட்டது.

“கன்னத்துல என்னடி இது? யாரு கடிச்சது?”

“எழுபத்திரண்டு வயசுப் பெரியவர்.”

“என்னது!”

“அச்சு மேல தலையை வச்சுத் தூங்கிட்டேங்க. டப்பாவுல அவர் வயசு எழுதியிருந்துது.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்ததுதான் அவர் செய்த தப்பு. வாய் திறந்ததும் வாசனை வந்துவிட்டது.

“ஒரு நிமிஷம். எங்க, ஊதுங்க பாப்போம்.”

“என்னடி, போலீஸ்காரன் மாதிரி…”

“ஊதுங்கன்னேன்.”

ஊதினார். டிப்போ காப்பி, சந்தேகமே இல்லை.

“ஒண்ணே ஒண்ணுதாம்மா” என்று குழைந்தார். “பஸ் ஓட்டுறவன் தூங்கிட்டா பின்னாடி அம்பது பேரும் சேர்ந்து தூங்க வேண்டியதுதான். யோசிச்சுப் பாரு.”

அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவளுக்குக் கோபம் வந்தது. வியாழக்கிழமை அந்தக் கோபத்தில் லேப் காப்பி மெஷின் முன்னால் போய் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக நாலு கப் குடித்தாள். சொர்க்கமாக இருந்தது, அரைமணி நேரத்துக்கு. பிறகு கை பழையபடி ஆட ஆரம்பித்தது. இரவு முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்ததுதான் மிச்சம். டிரம்பெட்காரருடைய அச்சு டப்பாவைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தது மகள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள், எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கிற வயது. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏம்மா, நீ எத்தனை மணிக்குப் படுக்குற?”

“பன்னெண்டு ஆயிடும்.”

“எழுந்திரிக்கிறது நாலு மணிக்கு. அப்போ நாலே மணி நேரம். என் போன்கூட அதைவிட அதிகமா சார்ஜ்ல கெடக்கும்மா. நீ காப்பியை ஏன் திட்டுற? சீக்கிரம் படுக்க வேண்டியதுதானே?”

 அம்மா பதில் சொன்னபோது குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

“வேலையிலேர்ந்து வந்தா சமையல், அப்புறம் பாத்திரம், அப்புறம் உன் துணிமணி. எல்லாம் முடிய பத்தாயிடுது. எனக்குன்னு இருக்கறது அந்த ரெண்டு மணி நேரந்தான். அதையும் தூங்கியே கழிச்சுட்டா அப்புறம் எனக்கு என்னடி இருக்கு?”

டிவி முன்னால் உட்கார்ந்திருந்த கணவர் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அணைத்தே விட்டார். அவருக்கு இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவார், எழுந்ததும் டிவி. பல வருடமாக அப்படித்தான் நடக்கிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“சாயங்காலம் அடுப்படி இனிமே என் பொறுப்பு” என்றார். “சமையல், பாத்திரம் ரெண்டும். ஏழுலேர்ந்து ஒன்பது வரைக்கும் நீ உன் இஷ்டப்படி இரு. ஒன்பதரைக்குப் படுத்துடு.”

“உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?”

“எட்டு டன் பஸ்ஸை ஓட்டுறேன். ஒரு வாணலியை ஓட்ட மாட்டேனா?” என்றவர் கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு. நாலு மணிக்கு நீ எதுக்கு எழுந்திரிக்கிற?”

“நீங்க தனியா கெளம்பிப் போறீங்களேன்னுதான்.”

“அட ராமா! நீ தூக்கக் கலக்கத்துல அடுப்படியில ஆடிக்கிட்டு நிக்கிறதைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும். நீ ஆசையா எழுந்து வர்றேன்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கு அந்த நேரத்துல தனியா இருந்தாத்தான்டி புடிக்கும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ வருடத்துத் தூக்கம், ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கக் கூடாதென்று வீணாய்ப் போயிருந்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் காப்பியோடு சண்டைக்குப் போகவில்லை. பேரம் பேசினாள். கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். முதலில் ஒன்பதாவது போயிற்று, மூன்று நாள் கழித்து எட்டாவது. நாலு மணிக்கு எழுந்திருப்பது நின்றதும் விடிகாலைக் காப்பிகள் இரண்டும் தாமாகவே கழன்றுகொண்டன. லேபில் நாலு மணிக் காப்பிதான் முரண்டு பிடித்தது. யோசித்துப் பார்த்ததில், அந்த நேரத்தில் வேண்டியிருந்தது காப்பியே அல்ல என்று புரிந்தது. சுருட்டையோடு மாடிப்படிவரை நடந்துபோய்ப் பத்து நிமிடம் ஊர்வம்பு பேசுவதுதான். அதை வெந்நீர் குடித்துக்கொண்டும் பேச முடிந்தது. வம்பின் ருசி குறையவில்லை. நடுவில் ஒருநாள் தாங்க முடியாமல் நாலு மணிக்குக் காப்பியே ஒரு கப் குடித்துவிட்டாள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அடுப்படியில் கணவர் முதல் வாரம் எதைச் சமைத்தாலும் ஒரே ருசியாக இருந்தது. இரண்டாவது வாரம் வேறுவேறாகத் தீய்ந்தது. மூன்றாவது வாரம் மகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பல்லழகி ஏழு மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காலை நீட்டி, தொடர் பார்த்தாள், தோழியோடு பேசினாள், சில நாள் சும்மா இருந்தாள். ஒன்பதரைக்குப் படுத்தால் ஐந்தரைக்குத்தான் விழிப்பு. நாலாவது வார முடிவில் காப்பி இரண்டுக்கு வந்து நின்றது. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று. அதற்குக் கீழே போக அவளுக்கு உத்தேசமில்லை. டிரம்பெட்காரருடைய செட்டும் அதற்குள் முடிந்திருந்தது.

கச்சேரிக்கு மூன்று நாள் முன்பு டிரம்பெட்காரர் பெட்டியோடு நேராக லேபுக்கே வந்துவிட்டார். ஒல்லியான உயரமான மனிதர். புதுப் பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். “அழகாத்தான் இருக்கு. அழகு எனக்கெதுக்கும்மா? சத்தம் வரணும்” என்று டிரம்பெட்டை எடுத்து ஊதினார்.

வாத்து கத்தியது.

லேபில் யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவர் முகம் தொங்கிப்போயிற்று. இன்னொரு தடவை ஊதினார். இன்னொரு வாத்து.

“குடுங்க சார்” என்று பல்லழகி செட்டைக் கழற்றச் சொல்லி வாங்கினாள். விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பல் இரண்டுக்கும் பின்னால், நாக்கு தட்டும் இடத்தில் ஒரு விளிம்பு தடித்திருந்தது. அரிசி முனை அளவுகூட இல்லை. கொஞ்சம் அதிகமாக ராவினால் செட்டே பாழ். சுழலும் கல்லை எடுத்தாள். தன் விரல்களை ஒரு கணம் பார்த்தாள். பிளாஸ்டரில் வார்த்து வைத்த மாதிரி அசையாமல் இருந்தன. ஒரு தொடல், தூளை ஊதி, இன்னொரு தொடல், அவ்வளவுதான்.

அவர் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி ஊதினார். ஒற்றைச் சுரம். சுத்தமாக, நீளமாக, அறை முழுக்க நிறைந்து ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. மூன்று பாட்டு வாசித்தார். கீழ்த்தளத்துத் தையல்கடையிலிருந்து இரண்டு பேர் இஞ்சுடேப்பும் கழுத்துமாக மேலே வந்து நின்று கேட்டார்கள். மேடம் கணக்கில்லாமல் கை தட்டினார். சுருட்டை அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “அக்கா, வாத்தை வெரட்டிட்டீங்கக்கா” என்றாள்.

டிரம்பெட்காரர் கச்சேரிக்கு மூன்று டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு போனார்கள், இரண்டாவது வரிசை. அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தான் செய்த பல்லின் வழியாக வரும் ஒவ்வொரு சுரத்தையும் கேட்டாள். கொட்டாவி ஒன்றுகூட வரவில்லை. நாலு மணிக்கு எழுந்து பஸ் ஓட்டிய கணவர்தான் இரண்டாவது பாட்டிலேயே அவள் தோளில் சாய்ந்துவிட்டார். பாட்டு முடிந்து அரங்கமே கைதட்டலில் அதிர்ந்தபோது, கண்ணைத் திறக்காமலே வலது காலை ஓங்கி அழுத்திப் பிரேக் போட்டார்.

“அம்மா, எழுப்பட்டுமா?” என்றாள் மகள்.

“வேணாம், தூங்கட்டும்” என்றாள் அவள், அடுத்த பாட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு.