வலக்கை ஈட்டி

முதல் வெள்ளிக் காசைக் கையில் எடுத்ததுமே பன்னாவுக்குத் தன் தப்பு தெரிந்துவிட்டது. அதிலிருந்த போர்வீரன் ஈட்டியை இடக்கையில் பிடித்திருந்தான்.

காசு அடிக்கும் அச்சில் வெட்டுவது காசில் இடவலம் மாறி விழும். ரோமப் பேரரசின் ட்ரியர் நகர நாணயச் சாலையில் துருத்தி ஊதுகிறவனுக்குக்கூட இது தெரியும். பன்னாவுக்கு எழுத்து வாசிக்க வராது. அதனால் ஓரத்து எழுத்துகளைப் பயந்து பயந்து திருப்பி வெட்டினாள், ஒரு பிழையில்லை. வீரனைத்தான் தினமும் தெருவில் பார்க்கிறோமே என்று அசட்டையாகத் திருப்பாமலே வெட்டித் தொலைத்தாள். தெரிந்த வேலைதான் காலை வாரும்!

சாலைத் தலைவர் செனேக்கியன் காசைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, பேரரசர் படையில ஒரட்டாங்கைக்காரனா? புருஷன் செத்ததும் உளியை எடுத்துக்கிட்டா போதுமா, அவன் கை வந்துடுமா? எந்திரி. என் தங்கச்சி மகன் உக்காரட்டும். நீ துருத்திக்குப் போ."

தங்கை மகன் ஏற்கெனவே தோல் கவசம் கட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

"படைக்காரங்க சம்பளக் காசைப் பார்க்க மத்தியானம்தானே வராங்க? அதுவரைக்கும் இந்த முக்காலி என்னோடதுங்க ஐயா."

"வெட்டினதை ஒட்டவா போறே?"

"ஒட்ட முடியாது. இன்னும் ஆழமா வெட்டலாம்."

அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு. வீரனின் முகத்தைக் குடைந்தாள். கண்ணும் மூக்கும் போய்த் தலைக்கவசத்தின் பின்பக்கம் வந்தது. மார்பின்மேல் கெண்டைக்கால்வரை போர்வையைத் தொங்கவிட்டாள். கால்விரல்களைக் குதிகாலாக்கினாள். உளி பட்டு அவள் விரல் கிழிந்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டு வெட்டினாள். வீரன் திரும்பி நின்றுவிட்டான். ஈட்டி இப்போது வலக்கையில்!

மத்தியானம் வந்த படைத்தலைவன் ஹரிபட், பிராங்கு இனத்தவன், புதுக் காசைப் பார்த்து முகம் சுளித்தான்.

"ஏன்யா, இவன் ஓடுறானா?"

"நான் அப்பவே சொன்னேங்க..." என்று ஆரம்பித்தார் செனேக்கியன்.

பன்னா முக்காலியை விட்டு எழவில்லை.

"ஓடுறவன் ஈட்டியை ஊனிக்கிட்டு நிப்பானாங்க? எதிரி ஆத்துக்கு அந்தாண்ட இருக்கான். அவனுக்குத்தான் உங்க மூஞ்சி. ஊருக்குள்ள இருக்கற எங்களுக்கு எப்பவும் உங்க முதுகுதானே தெரியுது? அந்த முதுகை நம்பித்தானே நாங்க அடுப்பு மூட்டறோம்!"

ஹரிபட் காசை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டான்.

"இதையே அடிங்க. எல்லாருக்கும்."

செனேக்கியன் தொண்டையைச் செருமிக்கொண்டு தங்கை மகன் பக்கம் திரும்பினார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கறே? துருத்தி சும்மா கெடக்குது, போ."