பையில் வரும் சூப்

"முன்னாடியெல்லாம் இப்படி இல்லையே" என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடிப்பது என் வேலை. பயணிகள் தட்டை நீட்டுவார்கள், நான் ஊற்றுவேன், தட்டைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் அந்த வசனம் வரும். ஏதோ நான்தான் பாதியை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனவள் போல.

அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. எங்களுடையது மலிவு டிக்கெட் கப்பல். டிக்கெட் விலையை ஏற்றினால் ஆள் வராது, மற்ற எல்லா விலையும் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படியானால் எதைக் குறைப்பது? வாயில்தான் கை வைப்பார்கள். முதலில் தட்டு சிறுத்தது. பிறகு டிரே காணாமல் போனது. இரண்டு கையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் சாப்பாடு. அதற்கும் பிறகு, பயணிகள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டுக் கரண்டியோடு என்னை நிறுத்தினார்கள். சுத்தத்துக்காக என்றார்கள். சுத்தம் சரி, கரண்டி ஏன் சிறியதாயிற்று என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. முட்டை, உடைத்துக் கலக்கிய நிலையில், அட்டைப் பெட்டியிலிருந்து ஊற்றப்பட்டது. மீன் துண்டுகள் எல்லாம் ஒரே சதுரத்தில் வந்தன, கடலுக்குள்ளேயே அளவெடுத்து வளர்த்த மாதிரி.

அதற்காகப் பயணிகள் சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. அந்தக் காலத்தில் இந்தக் கப்பலில் இறால் மலை போல் குவிந்திருக்குமாம். நானும் ஆரம்பத்திலிருந்து இங்கேதான் நிற்கிறேன். மலை எதையும் பார்த்ததில்லை. சின்ன மேடு பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரும் இதே கப்பலில்தான் வேலை. சூப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. சமையலறையில் எல்லாருக்கும் அவர் சூப் அண்ணன். வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்கி, எலும்பை நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு எடுத்த சாற்றில் அவர் வைக்கும் சூப்புக்காகவே மறுபடி டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. இது நான் பெண்டாட்டி என்பதற்காகச் சொல்வது இல்லை. பெண்டாட்டி என்ற முறையில் சொல்ல என்னிடம் வேறு நிறைய இருக்கிறது.

பிறகு பைகள் வந்தன. கரையில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து, உறையவைத்து, பெட்டி பெட்டியாக ஏற்றுகிற சூப். பையை வெட்டு, பானையில் கவிழ், சூடாக்கு, முடிந்தது. மனிதர் கொதித்துப்போனார். "இது சூப்பா, சுவத்துக்கு அடிக்கற சுண்ணாம்பா?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு புலம்பாத நாள் இல்லை. கப்பலின் சாப்பாடு கெட்டுப்போனதைப் பற்றிப் பயணிகளைவிட அதிகமாகப் புலம்பியது அவர்தான்.

நானோ உள்ளுக்குள் அந்தப் பைகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் பைகள் வருவதற்குக் கொஞ்சம் முன்பு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது அவருடைய ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரியாது, புளிப்பு தெரியாது, இனிப்பு தெரியாது. துறைமுகத்தில் பார்த்த டாக்டர், வந்தால் வரும் என்றார். வரவில்லை. ஒரு சமையல்காரருக்கு நாக்கு போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். இது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம், காதும் காதும் வைத்தாற்போல் காத்துவந்தோம்.

பயணிகளுக்குப் பை சூப் என்றாலும், வேலைக்காரர்களான எங்களுக்கு அவர் தினமும் மீந்த காய்கறிகளை வைத்து ஒரு சூப் போடுவார். அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். நான் பாத்திரம் எடுக்க வருகிற மாதிரி வந்து ஒரு கரண்டி குடித்துப் பார்ப்பேன். "என்னங்க, முகம் வாடியிருக்கு?" என்றால் உப்புக் குறைவு. "யாரு மேல இவ்வளவு கோவம்?" என்றால் கூடிப்போயிற்று. "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றால் சரியாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் இந்த வயதில் இவர்களுக்குக் கொஞ்சலைப் பார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சமையலறையில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கூடம் திறப்பதற்கு முன் அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் கடைசியாக ருசி பார்த்து, கரண்டியால் பானை விளிம்பில் தட்டுவார். தட்டியபின் அந்தப் பானையில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ருசியே தெரியாத என் வீட்டுக்காரர் அதை இன்னும் நன்றாகச் செய்தார். கண்ணை மூடி, புருவத்தை உயர்த்தி, ஒரு சின்னத் தலையாட்டல், அப்புறம்தான் தட்டுவார். நாடகத்தில் சேர்ந்திருக்கலாம்.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஏறினார். எப்போதும் தூக்கம் போதாத முகம். வயிறு சரியில்லை போல, சட்டைப் பையில் காய்ந்த பிஸ்கட்டை வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டைப் பற்றிப் புகார்கள் குவிந்துவிட்டன என்றும், ஒரே ஒரு மதியம் சோதனை வைக்கப்போகிறோம் என்றும் சொன்னார். கூடத்தில் இடப்பக்கம் பை சூப், வலப்பக்கம் பழைய முறையில் இங்கேயே வைத்த வெங்காய சூப். வலப்பக்கப் பானை காலியானால் சமையலறை பழையபடி நடக்கும், ஆட்களும் இருப்பார்கள். காலியாகவில்லை என்றால் எல்லாமே பைக்கு மாறும். சூடாக்க ஒன்றிரண்டு பேர் போதும்.

சமையலறையே துள்ளியது. உதவிச் சமையல்காரனான நெட்டை, பானையைக் கவிழ்த்துவைத்துத் தாளம் போட்டான். ரொட்டிக்காரர், உறைந்த ரொட்டியைச் சூடாக்கிச் சூடாக்கித் தன் கையே மரத்துப்போயிற்று என்றும், இனி மாவு பிசையலாம் என்றும் சொன்னார். பாத்திரம் தேய்க்கும் அம்மா அந்தப் பெரிய சூப் பானையை எடுத்துப் பளபளவென்று தேய்த்துவைத்தாள். இவர்கள் எல்லாருடைய பிழைப்பும் என் வீட்டுக்காரரின் நாக்கில் நிற்கிறது, அந்த நாக்கோ இல்லை.

அவரைத் தனியாகப் பிடித்து, நெட்டையைச் சூப் போடச் சொல்லலாமே என்றேன்.

"நான் இருக்கும்போது அவன் போட்டா ஏன்னு கேப்பாங்க. நீ ருசி பாத்துச் சொல்லு, போதும்."

"அந்த பிஸ்கட்காரர் உள்ள வந்து நின்னுட்டா?"

"அவர் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சுடலாம்."

முடித்தும்விட்டோம். அன்று காலையில் நான் போனபோது சாறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கரண்டி குடித்தேன். முகம் நன்றாகவே வாடியிருந்தது. அவர் பயந்து பயந்து உப்புப் போடுகிறவர், எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். சொன்னேன், போட்டார். மறுபடி குடித்தேன். இன்னும் கொஞ்சம். மூன்றாவது முறை குடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே பழைய சூப். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். இனி எந்த பிஸ்கட்காரர் வந்தாலும் பயமில்லை என்று நினைத்தேன்.

கூடம் திறந்தது. ஜனங்கள் வலப்பக்கம்தான் முண்டியடித்தார்கள். அந்த வெங்காய வாசனைக்கு யார்தான் வரமாட்டார்கள்? நான் ஊற்ற ஊற்ற வாங்கிக்கொண்டு போனார்கள். பிஸ்கட்காரர் தூண் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மேசையில் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார். பக்கத்து மேசைப் பெண் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கத் தண்ணீர் டம்ளர்கள் மேலும் கீழும் போய்வந்தன. ஒரு பெரியவர் கிண்ணத்தோடு என்னிடம் திரும்பி வந்தார்.

"ஏம்மா, கடல்லேருந்தே மொண்டு ஊத்திட்டீங்களா? முன்னாடியெல்லாம் இப்படி இல்லையே."

ஜனங்கள் இடப்பக்கம் போய் வரிசையில் நின்றார்கள். பை சூப் தீர்ந்து, இன்னொரு பானை கொண்டுவந்தார்கள். என் பானை அப்படியே இருந்தது. நான் கரண்டியால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது, அப்படிக் கரித்தது.

பானையைத் தள்ளுவண்டியில் வைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

"இதுல யாரு கை வச்சது? காலையில சரியா இருந்துச்சே!"

நெட்டை தரையைப் பார்த்தான். "நான்தான் அண்ணி, ஒரு கை போட்டேன். அண்ணன் எப்பவும் கம்மியாத்தான் போடுவாரு. அந்த சார் பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு, அண்ணன் பானைய நான் ருசி பாத்தா ஏன்னு கேப்பாரு. அதான் அண்ணன் தட்டறதுக்கு முன்னாடி..."

"டேய், நீயும் போட்டியா?" என்றார் ரொட்டிக்காரர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது.

பாத்திரம் தேய்க்கும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் போட்டேம்மா. தினம் நம்ம சூப்புல யாராச்சும் ஒருத்தர் பாத்துப் போட்டுருவோம். இன்னைக்கு யாரும் போட்டிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

என் வீட்டுக்காரர் அடுப்பு ஓரத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கட்டிக் காத்தது ஊரறிந்த ரகசியம். எனக்கு முன்னாலும் பின்னாலும் இத்தனை பேர் அந்தப் பானையைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டார் அவர்.

"காய்ச்சல்லேருந்து எழுந்து வந்த வாரமே தெரியும்ணே. உப்புக்குப் பதிலா சர்க்கரையப் போட்டுட்டு, கண்ண மூடித் தலையாட்டினீங்களே" என்றான் நெட்டை.

"ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது?"

அவர் வெங்காயக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அவமானம் ஒரு பக்கம் என்றால், இந்தப் பாவிகளின் பாசம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படித் தாங்குவது? பிறகு எழுந்தார், ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார்.

"நான் போய்ச் சொல்லிடறேன். சூப்பு மேல தப்பு இல்ல, என் மேலதான் தப்புன்னு. என்னை இறக்கிவிட்டுட்டு, நெட்டையை வச்சு இன்னொரு தடவை பாக்கட்டும்."

"அண்ணே, வேண்டாம்ணே" என்றார்கள். அவர் நிற்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

கூடம் காலியாகியிருந்தது. பிஸ்கட்காரர் ஒரு மேசையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை நீவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், நாக்கு, இத்தனை காலம் நடித்தது, எதையும் மறைக்கவில்லை. மற்றவர்கள் உப்புப் போட்டதை மட்டும் சொல்லவில்லை, தானே கூடப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

அந்த மனிதர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அப்ப உங்களுக்கு எந்த ருசியும் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"சூடு?"

"சூடு தெரியும்."

"பையில வர்றதுக்கு அது போதுமே" என்றார். "நீங்க இருங்க. இந்த வேலைக்கு நீங்கதான் சரியான ஆளு. ருசி தெரிஞ்சவங்கள வச்சா தினம் ஒரு குறை சொல்லிட்டே இருப்பாங்க. இன்னொரு சோதனையெல்லாம் வேண்டாம். எப்படியும் பைக்குத்தான் போகணும், புகார் வந்துதேன்னு ஒரு வாய்ப்புக் கொடுத்தோம். மத்தவங்க இந்தப் பயணம் முடியற வரைக்கும் இருக்கட்டும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நமக்கு வேலை போகவில்லை. அதுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் நெட்டையும் ரொட்டிக்காரரும் அந்த அம்மாவும் நினைவுக்கு வந்தார்கள், என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் சமையலறைக் கதவு வரைக்கும் வந்து, அதைத் தள்ளாமல் நின்றார்.

"என்னன்னு சொல்றது இவங்ககிட்ட?"

அதற்குள் கதவு உள்ளிருந்து திறந்தது. மூன்று பேரும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.

"என்னண்ணே ஆச்சு? என்ன சொன்னாரு?" என்றான் நெட்டை.

"என்னை வச்சுக்கறாங்களாம்."

"அப்பாடா!" என்று நெட்டை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ரொட்டிக்காரர் நெஞ்சில் கை வைத்து நிம்மதியாக மூச்சு விட்டார். பாத்திரம் தேய்க்கும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க உங்களை இறக்கிவிட்டுடுவாங்களோன்னு பயந்துட்டே இருந்தோம்யா" என்றாள். மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். தங்களைப் பற்றிக் கேட்க அவர்களில் ஒருவருக்கும் இன்னும் தோன்றவில்லை.