பஞ்சு படுகிறதா?

தோல் மருத்துவம் படிப்பதென்றால் களிம்பு எழுதிக் கொடுக்கிற வேலை என்று ஊரே நினைக்கிறது. சுகிர்தாவைக் கேட்டால் தெரியும். எம்.டி. இரண்டாம் ஆண்டு வந்தும், பார்ப்பதையும் தொடுவதையும்தான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதிலும் போன மாதம் கோட்டை விட்டுவிட்டாள்.

அன்று காரைக்கால்மேட்டு முகாமுக்கு மீனவர் தர்மலிங்கம் வந்திருந்தார். முழங்கைக்குக் கீழே வெளிறிய திட்டு ஒன்று. கண்ணைக்கூட மூடச் சொல்லாமல் பஞ்சால் தடவி, "தெரியுதாங்கய்யா?" என்று கேட்டாள். "நல்லாத் தெரியுது டாக்டரம்மா" என்றார். தேமல் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

இன்று அதே திட்டின் மேல் பெரிய கொப்புளம். படகு இன்ஜின் சுட்டிருக்கிறது. மனிதருக்கு அது தெரியவே இல்லை! உணர்ச்சியற்ற திட்டு என்றால் தொழுநோய் என்பது முதலாண்டுப் பாடம். சுகிர்தா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கண்ண மூடிக்குங்கய்யா. பஞ்சு படுறப்ப சொல்லுங்க. இப்ப?"

"தெரியுது."

"இப்ப?"

"நல்லாவே தெரியுதும்மா."

பஞ்சு மேசையிலேயே கிடந்தது. அவள் எடுக்கவே இல்லை.

"நான் தொடவே இல்லையேய்யா" என்றாள் மெதுவாக.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இமையோரம் நனைந்தது. "பெருவியாதின்னு எழுதிறாதீங்கம்மா. கடல்ல எல்லாரும் ஒரே சட்டியில கைய வச்சுத் திம்போம். தெரிஞ்சா என்னயப் படகுல ஏத்த மாட்டாங்க. வேற தொழிலும் தெரியாதும்மா எனக்கு."

அடப்பாவி மனுஷா, இதற்காகவா ஒரு மாதத்தை வீணாக்கினீர் என்று அவளுக்குக் கோபம் வந்தது. தன் மேல்தான் கூடுதலாக வந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்கை நரம்பைத் தேடிப் பிடித்தாள். தடித்திருந்தது. பாவம், எத்தனை நாளாக இந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்தாரோ! பிடித்த கையை விடாமலே சொன்னாள்.

"ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா குணமாயிடும்யா. ஆரம்பிச்சிட்டா யாருக்கும் ஒட்டாது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து, கூட வந்திருந்த ராஜா, அவர் வேலை செய்யும் படகின் சொந்தக்காரர், நேரமாகிறதென்று திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சுகிர்தா நோட்டால் மூடுவதற்குள் அட்டையைப் பார்த்தும்விட்டார். தர்மலிங்கம் எழுந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

ராஜா அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்காடா ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்ச? மொத நாளு ஒண்ணுக்கு செவப்பாப் போவும். பயந்துறாத."

"ஒங்களுக்கு எப்புடிண்ணே தெரியும்?"

"எட்டு வருசத்துக்கு முன்னால நானும் ஆறு மாசம் முழுங்குனேன். வெளிய சொல்லல." ராஜா அட்டையைத் தர்மலிங்கத்தின் கையில் வைத்தார். "சொன்னா நீ என் படகுல ஏற மாட்டியோன்னு பயம்டா எனக்கு."