அரை விரற்கடை

எங்கள் முதலாளியின் கை முறம் அளவு இருக்கும். ஒருமுறை அவரோடு கை குலுக்கிய விற்பனை மேலாளருக்குக் கைக்கடிகாரம் காணாமல் போனது. சாயங்காலம் முதலாளியே தன் ரேகைகளுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் பார்த்தேன்.

நாங்கள் செய்தது வீடியோ கேம் பெட்டி. அதன் கன்ட்ரோலருக்குக் களிமண்ணில் மாதிரி பிடிப்பது என் வேலை. பிடிக்கப்போகிறவர்களின் கைகளை அளப்பது என் மச்சினன் வேலை. மனைவியின் தம்பி, நான்தான் சேர்த்துவிட்டேன். பஸ் நிறுத்தத்திலும் முடிவெட்டும் கடையிலும் டேப்பும் நோட்டுமாக நின்று நானூற்றுப் பன்னிரண்டு கைகளை அளந்தான். ஜோசியக்காரன் என்று நினைத்து ஒருவர் கல்யாணம் எப்போது என்று கேட்டாராம். “சீக்கிரம்னு சொல்லிட்டேன் அத்தான், பாவம்” என்றான்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரியை முதலில் முதலாளி பிடிப்பார். பிறகு அது மேசையைச் சுற்றி வரும். அவர் சொன்னதையே ஆளுக்கொரு விதமாகச் சொல்லி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். “கையில நிக்கல, இன்னும் கொஞ்சம் சதை போடு” என்பார். உடனே ஒருவர் கையிலும் நிற்காது. நான் மண் அப்புவேன். ஐந்தாவது கூட்டத்தில் அது மாசம் நிறைந்தவளைப் போல இருந்தது.

மச்சினன் எழுந்தான். “சார், நூத்துல எண்பது பேருக்குக் கட்டைவிரல் நடுப் பொத்தானுக்கு எட்டல. எட்டாததை யாரு வாங்குவாங்க?”

முதலாளி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “செஞ்சவன் நீ. புடிச்சுப் பாத்துச் சொல்லு. எட்டுதா?”

பிடித்தேன். அரை விரற்கடை குறைந்தது. ஒரு சொல்லில் அவன் வேலை இருந்தது, இன்னொரு சொல்லில் என் வேலை. உள்ளங்கையை மெல்ல மேலே நகர்த்தினேன். பிடி தளர்ந்தது, விரல் தொட்டது.

“எட்டுது சார்.”

நகர்ந்ததை மச்சினன் பார்த்துவிட்டான். கைகளையே பார்த்துப் பழகியவன். அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது நோட்டை என் மேசையில் வைத்தான். “உங்க கையும் இதுல இருக்கு அத்தான். மூணாம் பக்கம்.”

சரக்கு கடைக்குப் போனது. அண்ணன் இடப்பக்கமும் தம்பி வலப்பக்கமும் பிடித்து ஒரே காரை ஓட்டியதாகக் கேள்வி. ஒருவர் அதால் சட்டை தேய்த்துப் பார்த்துவிட்டு, சூடாகவில்லை என்று திருப்பிக் கொடுத்தாராம். எதிர்க் கம்பெனியின் பெட்டி எங்களுடையதைவிட மந்தம். ஆனால் அதன் கன்ட்ரோலர் சோப்புக்கட்டி போல எந்தக் கைக்கும் அடங்கியது. பத்தே மாதத்தில் எங்கள் வாசலில் பூட்டு. விற்காததில் ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினார்கள்.

மனைவி அதை வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். இருபது வருஷமாக அந்தக் கதவு காற்றுக்கு அசைந்ததில்லை. அவள் தம்பி அந்தக் கதவு வழியாக வந்ததும் இல்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றி அவன் அவளிடம் என்ன சொன்னான் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது என் விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. எதையாவது பிடித்துப் பிடித்துப் பழகச் சொன்னார் டாக்டர். மனைவி கதவடியிலிருந்து அதை எடுத்து, தூசி தட்டி, என் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“புடிங்க.”

பிடித்தேன். கட்டைவிரல் பொத்தானுக்கு அரை விரற்கடை இந்தப் பக்கமே நின்றது.

“எட்டுதா?”

முட்டு போன கதவு அவள் முதுகுக்குப் பின்னால் மெதுவாகத் திரும்பிச் சாத்திக்கொண்டது. உள்ளங்கையை நகர்த்தாமல், விரலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.