பின் சக்கரம்

மனைவி மாரிஸ் இறந்துபோன பிறகு நோலன் வீட்டு வண்டிகள் நிற்கும் எந்த முகாமிலும் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை. யூமாவிலும் விடிந்ததுமே கிளம்பக் கை பரபரத்தது. இந்தத் தடவை போய்ச் சேர ஓர் இடமாவது இருந்தது. அவன் குடியிருந்து ஓட்டும் வீட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த சின்னக் கார் மாரிஸுடையது. அதை டூசானில் அவள் தங்கை ஜோலினிடம் பத்திரமாகச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தான். புது வேலைக்குப் போய்வர ஜோலினுக்கு வேறு வண்டி இல்லை.

இழுவைக் கம்பியை மாட்டிப் பூட்டினான். சங்கிலிகளைக் குறுக்காகக் கோத்தான். விளக்கு வயரைச் செருகும்போது பக்கத்து வண்டி லொரெட்டா தட்டில் சோள ரொட்டியோடு வந்து தள்ளி நின்றாள். பேசவில்லை. கார் மாட்டுகிறவனிடம் முகாமில் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. குட் மார்னிங் சொன்ன நேரத்தில் சங்கிலியை மறந்தவன் கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது அவனை என்னவோ செய்தது. கார்க் கதவைத் திறந்து, உள்ளே சாய்ந்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். தலையை வெளியே நீட்டினான்.

"என்னம்மா, சும்மாவே நிக்கறீங்க?"

"நீ முடி தம்பி. அதுவரைக்கும் நான் ஊமை."

"முடிஞ்சுது, குடுங்க."

தட்டைக் கொடுத்துவிட்டு, சக்கரம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். முன்பெல்லாம் அது மாரிஸின் வேலை. அவன் வண்டியை மெல்ல நகர்த்துவான். காரின் பின் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்து மாரிஸ் கட்டைவிரலைக் காட்டுவாள். வண்டியின் பின்பக்கக் கேமராவில் காரின் முகம் மட்டும்தான் தெரியும். நெவாடாவிலிருந்து தனியாகத்தான் வருகிறேன், யாரும் வேண்டாம் என்றான். உன் இஷ்டம் என்றாள். ஆனால் போகவில்லை.

வண்டி நகர்ந்தது. அவ்வளவு பெரிய வண்டிக்குப் பின்னால் எது இழுபட்டாலும் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. கண்ணாடியில் லொரெட்டா தெரிந்தாள். முழங்கால் வலிக்காரி, ஒரு செருப்பைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

நிறுத்தி இறங்கினான். சரளையில் காரின் பின் சக்கரங்கள் இழுபட்ட இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்திருந்தன. ஹேண்ட் பிரேக்கை அவன் எடுக்கவே இல்லை. நெடுஞ்சாலை ஏறியிருந்தால் டயர் எரிந்திருக்கும், அப்புறம் காரும்.

காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை இறக்கினான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் இன்னும் மாரிஸின் உயரத்துக்கே இருந்தது. அதை அவன் தள்ளவில்லை.

லொரெட்டா ஜன்னலில் குனிந்தாள். "நீதான் பேச்ச ஆரம்பிச்ச. நானா வாயத் தொறக்கல. நாளைக்கு எம்மேல பழி போடாத."

"போடலம்மா."

"சரி, இன்னொரு வாட்டி நகத்து. நான் பாக்கறேன்."

நகர்த்தினான். கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் உயர்ந்தது.

வழியில் டீசல் போட நிறுத்தினான். காரோடு ரிவர்ஸ் எடுக்க முடியாது என்பதால் ஓரத்து வரிசையாகப் பார்த்து நின்றான். டீசல் போட்டு ஏறி எஞ்சினையும் கிளப்பிவிட்டான். காரை அவன் தொடக்கூட இல்லை; பிரேக் மாறியிருக்க வழியில்லை. ஆனாலும் கிளம்ப முடியவில்லை. விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தன. இறங்கினான். அடுத்த பம்பில் ஒரு லாரி டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் கொஞ்சம் முன்னால எடுக்கறேன். அந்தக் காரோட பின் சக்கரம் சுத்துதான்னு பாத்துச் சொல்றீங்களா?"

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றார்.